நெருப்பு சுவருக்கு வெளியே

கந்தப்பளை ஆறாயிரம் அடிக்கு மேல. ஜனவரி மாசம் பைப் தண்ணியில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அம்மா நாலரைக்கு எந்திரிச்சு, விறகு அடுப்பில் அண்டா வைத்துத் தண்ணி சுடவைத்துத்தான் அப்பாயியைக் குளிப்பாட்டுவாங்க. மிச்சம் இருந்தால் அவங்க குளிப்பாங்க. இல்லாட்டி பச்சத்தண்ணிதான், அப்படியே கொழுந்துக்கு ஓட்டம். எங்க மூணு பேர் கையிலும் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு ஹீட்டர் வாங்குவது என்று முடிவெடுத்தோம். எது வாங்குவது என்பதில் ஒரு மாசம் சண்டை.

தம்பிக்கு கேஸ் ஹீட்டர் ஆசை. எங்களில் மூத்தவள் பேச்சையே எடுக்க விடவில்லை. போன வருஷம் டவுனில் வாடகை அறையில் இருந்தபோது, குளிருக்காக ஜன்னலை மூடி, காற்று வரும் ஓட்டைக்கும் துணி அடைத்துக் குளித்தாள். தலை வலித்தது, கால் துவண்டது. அவ்வளவுதான் ஞாபகம். கூட இருந்தவள் கதவை உடைத்ததால் இன்றைக்கு எங்களோடு இருக்கிறாள். பசி மயக்கம் என்றுதான் நாங்களும் சொன்னோம். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "கேஸ்ல சுடவச்ச தண்ணியா?"

கேஸ் ஒழுங்காக எரியக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் காபன் மொனொக்சைட் உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் உட்கார வேண்டிய இடத்தில் அது இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

இதைத் தேடி வாசித்தபோது படகுகளைப் பற்றிய எச்சரிக்கைகள் நிறைய வந்தன. கந்தப்பளைக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் சிரித்தோம். படகுக் கேபின் என்றால் இறுக்கி மூடிய சின்ன இடம், சமையலும் தூக்கமும் அதற்குள்ளேயே. எங்க லயக் காம்பராவும் அதுதானே? இங்கிலாந்தில் கால்வாய்ப் படகுகளில் வாழ்கிறவர்கள் 2019 ஏப்ரல் முதல் இந்த வாயுவுக்கு அலாரம் வைத்தே ஆகவேண்டும். ஹீட்டரும் வெளிக்காற்றை இழுத்து, புகையை வெளியே விடும் மூடிய வகையாக இருப்பதுதான் நல்லது என்கிறார்கள்.

துரை பங்களாவில் இது எப்பவோ தெரிந்த விஷயம். அப்பா சின்ன வயசில் விறகு போட்ட பொயிலர் குளியலறைச் சுவருக்கு வெளியே இருந்தது. நெருப்பு வெளியே, தண்ணி மட்டும் குழாயில் உள்ளே. லயத்தில் நெருப்பும் உள்ளே, புகையும் உள்ளே, நாங்களும் உள்ளே.

சரி, நாமும் வெளிச்சுவரில் மாட்டுவோம் என்றால், துளை போடத் தோட்டத்தில் கேட்க வேண்டும். அப்பா கேட்டார். "பாப்போம்" என்றார்கள். மூணு தலைமுறையாக இருக்கிற வீட்டில் இரண்டு அங்குல ஓட்டைக்கு அனுமதி!

சோலார் பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. நூறு லீட்டர் தண்ணி என்றால் நூறு கிலோ, இந்தப் பழைய தகரக் கூரை தாங்காது. வாளியில் போடும் கொயில் மலிவுதான், ஆனால் தண்ணி சுட்டிருச்சா என்று அப்பாயி கையை விட்டுப் பார்ப்பாங்க. உடனே சுடவைக்கும் 3.5 கிலோவாட் கரண்ட் ஷவருக்கு 15 அம்பியர் வேண்டும். எங்க பிளக் 5 அம்பியர்.

மிஞ்சியது 15 லீட்டர் டேங்க் வைத்த 1.5 கிலோவாட் கீசர். ஏழு அம்பியருக்குள் அடங்கும். அதற்கும் போர்டிலிருந்து தனி வயர், எர்த், 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும், பிரஷர் வால்வை அடைக்கக் கூடாது. குளிக்கிற மூலையில் இருக்கிற தடுப்புச் சுவர் அப்பா கட்டியது. அதில் மாட்ட யாரையும் கேட்கத் தேவையில்லை.

"பில் எவ்வளவு வரும்?" அம்மா கேட்டது அது ஒன்றுதான். 14 பாகைத் தண்ணியை 60க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.8 யூனிட், அரை மணி நேரம். பச்சத்தண்ணி கலந்தால் ஒரு பெரிய வாளிக்கு மேல் வரும். அம்மா ஒரு மாசக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப அப்பாயிக்கு மட்டும் போடுவோம்" என்றாங்க. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

வயரிங் பாஸ் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் அண்டாதான். விறகுப் புகையிலும் அதே வாயு இருக்கு என்று மூத்தவள் விடியக்காலையில் எந்திரிச்சுப் பின்கதவைத் திறந்து வைக்கிறாள். குளிர் காத்து வருது என்று அப்பாயி மூடிக்கொண்டே இருக்காங்க.