மருந்தைத் தோற்கடிக்கும் புகை



நோய் வந்தால் மருந்தை நாடுவதும், அது பலன் தர வேண்டுமென்று துஆ செய்வதும் நம் வழக்கம். அந்த மருந்து தன் வேலையைச் செய்ய நம் வீட்டுக் காற்று இடம் கொடுக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

மயிலாப்பூரில் நாங்கள் கூட்டுக் குடும்பமாக வாழ்கிறோம். எங்கள் அக்கா மகனுக்கு ஏழு வயது, ஆஸ்துமா உண்டு. ஸ்டீராய்டு இன்ஹேலரை இரு வேளையும் தவறாமல் எடுத்தும் இரவு இருமல் ஓயவில்லை. தி.நகரில் நாங்கள் பார்க்கும் மருத்துவர், பிள்ளை மருந்தை இழுக்கும் முறையைச் சரிபார்த்தபின், "வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா?" என்று கேட்டார். "நான்தான் டாக்டர். ஆனால் பால்கனியில்தான்" என்றார் மச்சான். அந்தப் பால்கனிக்கும் பிள்ளை உறங்கும் அறைக்கும் இடையே ஒரு கதவுதான் இருக்கிறது. மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டவில்லை; புகையை நிறுத்தச் சொன்னார்.

காரணம் இதுதான். மூச்சுக்குழாயின் அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை ஸ்டீராய்டு அடக்க வேண்டுமானால், செல்லுக்குள் 'ஹெச்டாக்-2' என்னும் நொதி துணைநிற்க வேண்டும். சிகரெட் புகை அந்த நொதியை நலியச் செய்கிறது. மருந்து உள்ளே சென்றும் அதன் பலன் குன்றிவிடுகிறது. 2003இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வில், ஆஸ்துமா நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் இரண்டு வாரம் தரப்பட்டது. புகைக்காதவர்களின் மூச்சு தேறியது. புகைப்பவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. பிறர் விட்ட புகையைச் சுவாசித்த, கடும் ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடமும் இந்த நொதி குறைந்திருப்பதை 2014இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டனர். அதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது. நிற்க வேண்டியது புகைதான்.

பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. அச்சட்டம் நம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு உள்ளே பிள்ளையின் மூச்சு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பச்சைப் பூண்டும் வெங்காயமும் தின்றவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அருகில் நிற்பவருக்கு வாடையால் வரும் சிரமத்துக்கே அத்தனை கவனம் என்றால், ஒரு குழந்தையின் மருந்தையே வீணாக்கும் புகையை என்னென்பது?

விட விரும்புவோருக்கு வழி உண்டு. 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலையை விடுவதற்கான ஆலோசனை கிடைக்கிறது. 1800-11-2356 என்பது மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண். தியோபிலின் மாத்திரை உட்கொள்பவர்கள், புகையை விடும்போது மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். புகை அம்மருந்தை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றுகிறது. புகை நின்றதும் அதே அளவு மருந்து இரத்தத்தில் மிகுந்துவிடக்கூடும்.

மச்சான் இப்போது விடும் முயற்சியில் இருக்கிறார். சில நாள் வெல்கிறார், சில நாள் தோற்கிறார். தோற்ற நாளில் ஏசாமல், மறுநாளுக்கு அவரைத் தயார்படுத்துவதே எங்கள் பொறுப்பு என்று கருதுகிறோம். உங்கள் வீட்டிலும் ஓர் இன்ஹேலர் இருந்தால், இன்றே அதைச் சுற்றியுள்ள காற்றைக் கவனியுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும், நமக்கு மன உறுதியையும் தருவானாக. ஆமீன்.