மூன்றாவது துண்டு

திருப்பூர் மங்கலம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்த பவர் டேபிள் யூனிட் இருக்கிறது. முப்பது மெஷின். நான் போனபோது ஒன்று மட்டும் ஓடாமல் நின்றிருந்தது. அதைச் சுற்றி நான்கு பேர் குனிந்து தரையைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் கையில் கயிற்றில் கட்டிய காந்தம்.

"ஊசி ஒடஞ்சு போச்சுங்க. ரெண்டு துண்டு சிக்கிருச்சு, மூணாவதத்தான் காணோம்" என்றார் சூப்பர்வைசர், என்னை நிமிர்ந்து பார்க்காமலே.

தைத்துக்கொண்டிருந்தது கைக்குழந்தை உடுப்பு. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டி, மெஷின் எண், நேரம், டெய்லர் பெயர் எழுதிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். நுனி ஒன்று குறைந்தாலும் பக்கத்தில் கிடக்கும் கட்டுகள் அத்தனையும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும்.

பவர் டேபிள் என்பது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம். ஆர்டர் எடுப்பவர் எக்ஸ்போர்ட்டர். நிட்டிங் ஒரு இடம், டையிங் இன்னொரு இடம், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று துணி ஊரையே சுற்றிவிட்டு, வெட்டிய பீஸாக இங்கே வரும். ஓனருக்குப் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. துணியில் இருக்கும் பழைய குறையும் தையலோடு சேர்ந்து அவர் தலையில்தான் விடியும்.

டீ வந்தது. சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு குட்டி பாடிசூட்டை ஓனர் காட்டினார். கழுத்தில் சீல் வைத்த அட்டை. ஆர்டர் கொடுத்த பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள்.

"சாம்பிள் அருமையா வந்துச்சுங்க. அதுதான் வெனையே."

சாம்பிள் தைத்தவர் இருபத்தைந்து வருட டெய்லர். கால் பக்கம் ஸ்நாப் பட்டன் விழும் இடத்தில் ரிப்பும் பக்கத் தையலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடித்திருந்தன. அவர் உள்மடிப்பைக் கொஞ்சம் நறுக்கி, கத்திரிப் பிடியால் தட்டி, சமமாக்கிவிட்டுப் பட்டனை அடித்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. லைனில் அதையே பல கைகள் வேகமாகத் தைத்தபோது பட்டனின் பல் அந்தத் தடிப்பைத் தாண்டி இறங்கவில்லை. அந்த ஆர்டரில் கேட்டிருந்தது, 90 நியூட்டன் இழுப்பைப் பத்து விநாடி தாங்க வேண்டும் என்று. ஏறக்குறைய 9 கிலோவைத் தொங்கவிடுவதற்குச் சமம். சில பட்டன்கள் அதற்கு முன்பே கையோடு வந்துவிட்டன. கழன்ற பட்டன் நேரே போகிற இடம் குழந்தையின் வாய்.

பட்டனை ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் தீர்ந்தது. ஆனால் அதற்கு பேட்டர்ன் மாற வேண்டும், பையரிடமிருந்து மெயில் வர வேண்டும். அதுவரை முப்பது மெஷினும் சும்மா.

இப்போது புது டிசைன் எது வந்தாலும், ஓனர் லைனில் உட்காரும் சாதாரண டெய்லர்களை வைத்தே முதலில் ஐம்பது பீஸ் தைத்துப் பார்க்கிறார்.

"அதுக்குக் கூலி உண்டா?"

"கெடையாதுங்க. நம்ம கணக்குத்தான்."

எனக்கு உறுத்தியது இதுதான். அந்த ஐம்பது பீஸால் பிழைப்பது பையரும் எக்ஸ்போர்ட்டரும். காசு போவது, லாபம் மிகக் குறைவாகப் பார்க்கிறவருக்கு.

மூலையில் வீட்டு வாஷிங் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தினமும் இரண்டு பீஸைத் துவைத்துப் பார்ப்பார்களாம். மழுங்கிய ஊசி பின்னல் இழையை அறுத்தாலும் தைக்கும்போது தெரியாது. துவைத்தால் ஓட்டை விரியும். ரோலைப் பிரித்து ஒரு நாளாவது கிடத்தாமல் வெட்டிய துணியும் அப்போதுதான் சுருங்கிக் காட்டிக்கொடுக்கும்.

கடைசிச் சோதனைக்குப் பையரின் ஆள் வருவார். 6,000 பீஸில் அவர் உருவுவது 200. ஏ.க்யூ.எல்., அதாவது ஏற்கத்தக்க குறை அளவு, 2.5 என்றால் பத்துப் பீஸில் பெரிய குறை இருந்தாலும் பாஸ், பதினொன்று என்றால் மொத்த லாட்டும் ஃபெயில். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் தளவாடம் வாங்கப் பயன்படுத்திய அட்டவணையின் வாரிசு இது. ஊசித்துண்டுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஒன்று அகப்பட்டாலே கதை முடிந்தது.

அவர் வருவதற்கு முன் ஒவ்வொரு பீஸும் செக்கிங் அக்காக்களின் கையைக் கடந்துவிடுகிறது. அவர்களில் மூத்தவர் கண்ணைவிட விரலை நம்புகிறவர். உடுப்புக்குள் கையை விட்டு விரித்து, தையலோடு ஒருமுறை ஓட்டி, திருப்பி, மறுபடி ஓட்டுகிறார். விட்டுப்போன தையல் விரலில் இடறுமாம். டெய்லரைவிட இவருக்குக் கூலி குறைவு. "நான் ஒண்ண ஒதுக்கி வெச்சா தெச்ச புள்ளைக்குக் கோவம். விட்டுட்டா ஓனருக்குக் கோவம். என்ன பண்றது கண்ணு?" என்று சிரித்தபடி ஒரு பீஸில் அம்பு ஸ்டிக்கரை ஒட்டினார்.

அதற்குள் நாற்பது பீஸ் டிடெக்டர் பெல்ட்டில் ஏறியிருந்தது. முதலில் 1.2 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு பதித்த அட்டையை ஓட்டினார்கள். மெஷின் கத்தி நின்றது. பிறகு உடுப்புகள், ஒவ்வொன்றாக. ஒன்றுக்கும் சத்தமில்லை.

நான்கு இருபதுக்கு அந்தப் பையன் ஊசித்தட்டைக் கழற்றி, அடியில் அடைத்திருந்த பஞ்சை ஊதினான். அரிசி நுனி அளவில் ஒன்று காந்தத்தில் போய் ஒட்டியது. சூப்பர்வைசர் தாளைக் கொண்டுவந்து மூன்று துண்டையும் நேர்கோட்டில் சேர்த்து வைத்துப் பார்த்தார். நீளம் சரியாக இருந்தது. டேப் ஒட்டி நேரத்தை எழுதினார். டெய்லர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புது ஊசியை வாங்கிக்கொண்டார்.