முன்கூட்டியே சொல்லியிருந்தால்

விமான நிறுவனத்தின் உறுப்பினர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். விமானம் தாமதமானதற்குக் கோபப்படுகிறவரைச் சமாளித்துவிடலாம். இலவச டிக்கெட்டுக்காகப் பல வருடம் சேர்த்த மைல் திடீரென்று ஏன் போதாமல் போனது என்று நிதானமாகக் கேட்கிறவருக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

சென்னையில் சில வருடங்கள் நான் அந்த வேலையில் இருந்தேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக, தமிழ் பேசும் உறுப்பினர்களின் அழைப்புகளை எடுப்போம். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள், சரக்கு வாங்கப் போய்வரும் வியாபாரிகள், பிள்ளைகளைப் பார்க்க வருடம் ஒருமுறை கிளம்பும் பெற்றோர் என்று பலர் பேசுவார்கள். இலவச டிக்கெட்டுக்குத் தேவையான மைல்களை நிறுவனம் ஒருநாள் உயர்த்தியது. எங்களுக்கே அன்று காலையில்தான் தெரிந்தது.

அன்று பேசியவர்களில் ஒருவர் துபாயில் ஃபோர்மேன். வேறு விமானத்தில் மலிவாகக் கிடைத்தபோதும் மாறாமல், ஒவ்வொரு விடுமுறைக்கும் இதிலேயே ஊருக்கு வந்துபோனவர். தான் வேலை செய்யும் ஊரை மனைவிக்கு ஒருமுறை காட்டவேண்டும் என்று மைல் சேர்த்திருந்தார். முந்தின வாரம் வரை போதுமானதாக இருந்தது அன்று போதவில்லை. “விதிமுறைகளை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு சார்” என்று எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்ததைச் சொன்னேன். “உரிமை இருக்கட்டும்மா. ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா நான் டிக்கெட் எடுத்திருப்பேனே” என்றார். அதற்குச் சொல்ல எங்களிடம் எதுவும் எழுதித் தரப்படவில்லை.

அவருடைய கேள்விதான் இந்தத் தொழிலின் கதையை என்னைத் தேடிப் படிக்க வைத்தது. அமெரிக்காவில் விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1978-இல் வந்தது. போட்டி கடுமையானது. பயணியைத் தன்னிடமே தக்கவைக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் ‘அட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட்டும் தொடங்கியது. பறந்த தூரத்துக்கு மைல், இத்தனை மைலுக்கு இன்ன ஊருக்கு டிக்கெட் என்று கணக்கு எவருக்கும் புரிகிற மாதிரி இருந்தது.

பிறகு வங்கிகள் வந்தன. நிறுவனங்கள் மைல்களை வங்கிகளுக்கு விற்க, வங்கிகள் அவற்றைக் கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தன. விமானத்தில் ஏறாமலேயே மைல் சேர்ந்தது. இந்தத் திட்டங்களே பெரும் சொத்தாகிவிட்டன. கொரோனாவில் விமானங்கள் முடங்கிக் கிடந்த 2020-இல், டெல்டா விமான நிறுவனம் தன் ஸ்கைமைல்ஸ் திட்டத்தை ஈடாக வைத்து 900 கோடி டாலர் கடன் திரட்டியது.

மைல் பெருகிய அளவுக்கு இருக்கைகள் பெருகவில்லை. பயன்படுத்தப்படாத மைல்கள் நிறுவனத்தின் கணக்கில் கொடுக்க வேண்டிய பாக்கியாக நிற்கின்றன. அதனால் விதிகள் மாறின. டெல்டாவும் யுனைடெட்டும் 2015-இலும், அமெரிக்கன் 2016-இலும், தூரத்தை விட்டுச் செலவழித்த பணத்துக்கு மைல் கொடுக்கத் தொடங்கின. இலவச டிக்கெட்டின் மைல் கணக்கும் பல நிறுவனங்களில் டிக்கெட் விலையைப் போலவே நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது. இதில் நிறுவனங்களின் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. மாறாத விதியோடு எந்த வியாபாரமும் நடக்காது.

சட்டமும் பயணிக்குப் பெரிய துணையாக இல்லை. அதிகம் புகார் செய்கிறார் என்று நார்த்வெஸ்ட் நிறுவனம் உறுப்பினர் ஒருவரை நீக்கியது. நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்று அவர் வழக்குப் போட்டார். அந்தக் கோரிக்கைக்கு விமானத் துறைச் சட்டத்தில் இடமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஒருமனதாகச் சொன்னது.

ஆனால் முன்கூட்டிச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2024-இல் சேர்க்கும் உயர்நிலை உறுப்பினர் தகுதிக்கான புதிய விதிகளை டெல்டா 2023 செப்டம்பரிலேயே அறிவித்தது. மிக உயர்ந்த டைமண்ட் தகுதிக்கு 35,000 டாலர் செலவழிக்க வேண்டும் என்றது. உறுப்பினர்கள் கொதித்தார்கள். அளவுமீறிப் போய்விட்டோம் என்ற பொருளில் தலைமை நிர்வாகி எட் பாஸ்டியன் வெளிப்படையாகப் பேசினார். அக்டோபரில் அது 28,000 ஆனது. அவகாசம் இருந்ததால் உறுப்பினர்கள் பேசினார்கள், நிறுவனமும் கேட்டது. எனக்கு வந்த அந்த அழைப்பில் இரண்டுக்குமே வழியில்லை.

இப்போது திருச்சியில் சிறிய டிராவல்ஸ் நடத்துகிறேன். சேவைக் கட்டணத்தை உயர்த்த வேண்டி வந்தபோது, எந்தத் தேதியிலிருந்து என்று வாடிக்கையாளர்களுக்கு முன்பே சொல்லி, அதற்குள் பதிவு செய்கிறவர்களுக்குப் பழைய கட்டணமே என்றேன். சிலர் முணுமுணுத்தார்கள். ஏமாற்றிவிட்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

என்னிடம் டிக்கெட் எடுப்பவர்களுக்கு மைல் விஷயத்தில் ஒன்றைத்தான் சொல்கிறேன்: போதுமான அளவு சேர்ந்ததும் பயன்படுத்திவிடுங்கள். மைலுக்கு வட்டி கிடையாது. அதன் மதிப்பு உங்கள் கையிலும் இல்லை. மைலுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டாம்.

நிறுவனங்களிடம் கேட்பதும் ஒன்றுதான். விதியை மாற்றுங்கள், ஆனால் பழைய விதியை நம்பிச் சேர்த்தவர் அந்த விதிப்படியே டிக்கெட் எடுத்துக்கொள்ளச் சில மாதம் அவகாசம் கொடுங்கள். வருடக்கணக்கில் உங்களையே தேடி வந்தவருக்கு அந்த அவகாசம் சலுகையாகாது. அவருக்குச் சேரவேண்டியதில் அதுவும் ஒரு பகுதி.