வட்டும் தட்டும்

2025 ஜூலை 5, சனி. சான் ஹோசே.

காலைக் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் பேரன் ஒரு பையைக் கொண்டுவந்து என் கட்டிலில் கவிழ்த்தான். ஆறு பிளாஸ்டிக் தட்டு. நாளைக்கு சாண்டா குரூஸ் மலைப் பூங்காவில் டிஸ்க் கால்ஃப் ஆடப் போகிறார்களாம். தாத்தாவும் கட்டாயம் வர வேண்டுமாம்.

கண்ணாடி போடாமலே ஒன்றைக் கையில் எடுத்தேன். முப்பத்தொரு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்த கை, விளிம்பைப் பிடித்ததுமே அளவு சொல்லிவிட்டது. ஆண்கள் எறிகிற வட்டு குறுக்கே 22 சென்டிமீட்டர். இது 21. எடையில்தான் ஏமாந்தேன். வட்டு 2 கிலோ. இது 175 கிராம், மூன்று நாமக்கல் முட்டையின் கனம். கனத்துக்கு முறுக்கிக்கொண்டு எழுந்த தோள், வேலையில்லாமல் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டது.

பேரன் வகை பிரித்துக் காட்டினான். விளிம்பு கத்தி போல மெலிந்திருந்தால் டிரைவர், தூரத்துக்கு. அடுத்தது மிட்ரேஞ்ச். விளிம்பு தடித்து, மெதுவாகப் போவது பட்டர்.

"பட்டரா?" என்றேன். எனக்குத் தெரிந்த பட்டர் பெருமாள் கோயிலில் தீபாராதனை காட்டுகிறவர்.

"ஆமா தாத்தா, பட்டர்தான். கடைசியா கூடைக்குள்ள போடுறது." அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மகன்தான் சமையலறையிலிருந்து சிரித்தான்.

ஜூலை 6, ஞாயிறு.

பதினேழாம் நம்பர் நெடுஞ்சாலை மலையைத் தாண்டிக் கடலுக்கு இறங்குகிறது. இங்குள்ளவர்கள் அதைப் பயங்கரமான ரோடு என்கிறார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் நின்றுகொண்டே ஏறியவனுக்குத் தூக்கம்தான் வந்தது. மகன் விடவில்லை, கதை சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

கனெக்டிகட் பக்கம் ஃப்ரிஸ்பி என்றொரு பேக்கரி. அதன் பலகாரம் வரும் தகரத் தட்டைக் காலேஜ் பையன்கள் வீசி விளையாடியிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஃபிரெட் மோரிசன் என்பவர் 1955-ல் பிளாஸ்டிக்கில் ஒரு பறக்கும் தட்டைச் செய்தார். வாம்-ஓ கம்பெனி அதை வாங்கி, 1957-ல் பேக்கரிப் பெயரையே சூட்டி விற்றது. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக், தட்டின் மேல்பக்கத்தில் வட்டவட்டமாக வரி வைத்து, அது தள்ளாடாமல் பறக்க வழி செய்தார். அவர்தான் 1975-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஓக் குரோவ் பூங்காவில் இந்த விளையாட்டுக்கு முதல் நிரந்தரக் களம் போட்டவர். ஆரம்பத்தில் வெறும் கம்பம்தான் இலக்கு. தட்டு பட்டதா, படவில்லையா என்ற வழக்கு ஓயவில்லையாம். அதற்காகச் சங்கிலி தொங்கும் கூடையைக் கண்டுபிடித்து 1977-ல் காப்புரிமை வாங்கினார். சங்கிலி தட்டின் வேகத்தைக் கொல்லும், கூடை ஏந்திக்கொள்ளும். நடுவருக்கு வேலையில்லை. முப்பத்தொரு வருஷம் விசிலும் கையுமாக நின்றவன் என்ற முறையில் இதை நல்ல கண்டுபிடிப்பு என்றுதான் சொல்வேன்.

2002-ல் ஹெட்ரிக் இறந்தபோது, அவர் விருப்பப்படி அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகள் வார்த்தார்களாம். காவிரியில் கரைக்கிற ஊர்க்காரனுக்கு முதலில் திக்கென்றது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். ஆற்றில் கரைந்தவர் திரும்பி வருவதில்லை. இந்த மனுஷனை வீசினால் எடுத்துக்கொண்டு வரலாம்.

பூங்காவின் பெயர் டெலவியாகா. 1984-ல் அமைத்த களம், நாற்பது வயசு தாண்டிவிட்டது. போய் இறங்கியபோது கடல் மூடுபனி மேலேறி வந்திருந்தது. மழை இல்லை, ஆனால் ஓக் மரத்தடியில் மட்டும் சொட்டுச் சொட்டாக நனைந்தது. இலை பனியைப் பிடித்துக் கீழே விடுகிறது. நம் ஊரில் ஆனி மாச வெயிலில் தார் உருகிக்கொண்டிருக்கும்.

குழியே இல்லாத விளையாட்டு இது. ஆனாலும் ஒவ்வொரு இலக்குக்கும் 'ஹோல்' என்றுதான் பெயர். நிற்க ஒரு திட்டு, எங்கேயோ மரங்களுக்கு அப்பால் ஒரு கூடை, நடுவே மலை. குறைந்த எறியில் முடித்தவன் கெட்டிக்காரன். அவ்வளவுதான் சட்டம்.

பேரன் கற்றுக்கொடுத்தபடி, இடப்பக்கம் நெஞ்சோடு இழுத்து முன்னால் விட்டேன். வட்டெறிகிறவனின் கை வலப்பக்கப் பின்னாலிருந்து வரும். இது எதிர்ப்பக்கம். ஆனால் கையை விட்டுப் போனதும் இரண்டும் கடிகார முள் சுற்றுகிற திசையில்தான் சுழல்கின்றன. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் தட்டு எங்கே போனது என்று பார்க்கவில்லை. டொக்கென்ற சத்தம் பதில் சொன்னது. இருபதடியில் ஒரு ஓக் மரம்.

அந்த மரத்தை மறக்க முடியாது. மனுஷ நெஞ்சு உயரத்திலிருந்து இரண்டு ஆள் உயரம் வரைக்கும் பட்டையெல்லாம் வெட்டுக்காயம். ஆறிய காயத்தின் மேல் புதுக்காயம். மாடு உரசி உரசி வழுவழுத்த கட்டுத்தறியைப் பார்த்திருக்கிறேன். இது அதற்கு நேர்மாறு, தட்டு பட்டுப் பட்டுச் சொரசொரத்துப் போன மரம். கீழே வேரெல்லாம் வெளியே கிடக்கிறது. நாற்பது வருஷ நடமாட்டம் மண்ணை அரித்து, வேரைப் படிக்கட்டாக்கிவிட்டது. அங்கங்கே மரச்சிராய் கொட்டி மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

விளிம்பைச் சரிவாக வார்த்த தட்டு 1983-ல்தான் சந்தைக்கு வந்ததாம். இப்போது மகன் எறிவது அதன் பேரன் பேத்திகள். சமவெளியில் 350 அடி சாதாரணமாக எறிவான். இங்கே அந்தக் கை வலிமையை வைத்துக்கொண்டு அவன் என்ன பாடுபட்டான் என்று நான் பார்த்தேன். மரம் இடம் விட்டால்தானே! சந்து அகலம் ஒரு மாட்டுவண்டி போகும் அளவு. தட்டோ வேகம் அடங்கும்போது இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். ஏன் என்று பேரன் கேட்டான். பம்பரம் சுற்றுகிற நேரத்தில் ஒரு பக்கம் தள்ளினால், அது தள்ளின பக்கமா சாய்கிறது? இல்லை, கால் வட்டம் தள்ளிச் சாய்கிறது. தட்டும் அப்படியே. வேகம் குறைந்ததும் காற்று அதன் முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கும். சுழல்கிற பொருள் என்பதால் தூக்கல் மூக்கில் தெரியாது, இடக்கை சாய்வாக வரும். பேரனுக்குப் புரிந்தது. பம்பரம் என்றால் என்ன என்று மட்டும் கேட்டான்.

ஏதோ ஒரு கூடையில் பதினைந்தடிக்கு வந்துவிட்டேன். சரிவின் விளிம்பில் கூடை. பட்டரைக் கையில் கொடுத்தான். போட்டேன், சங்கிலிக்கு ஒரு சாண் மேலே போயிற்று. போனது படுத்திருக்கலாம். விளிம்பில் எழுந்து நின்று, டயர் வண்டி மாதிரி உருள ஆரம்பித்தது. மூன்று தலைமுறையும் நின்று பார்த்தோம். வேர் தாண்டி, பாதை தாண்டி, புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பதினைந்தடி எறி நூறடி ஆனது. எறிகளத்தில் இதற்கு மெடலே கொடுத்திருப்பார்கள்.

எடுக்கப் போனபோது, எதிரே வந்த ஒரு வெள்ளைத் தாடிக்காரர் கையை நீட்டித் தடுத்தார். மூன்று மூன்றாக இலை வைத்த செடியைக் காட்டினார். பாய்சன் ஓக்.

ஜூலை 7, திங்கள்.

இடுப்பு பிடித்துக்கொண்டது. தட்டுகளை மகன் சோப்புப் போட்டுக் கழுவினான். அந்தச் செடியின் எண்ணெய் தட்டில் ஒட்டிக் கைக்கு வருமாம், தடித்து அரிக்குமாம். படித்துப் பார்த்ததில் அது நம் சேங்கொட்டைக்குச் சொந்தம், மாவும் முந்திரியும் அதே குடும்பம். துணியில் குறி போடும் வண்ணார் கையில் சேங்கொட்டைப் பால் பட்டுப் புண்ணாகியிருந்ததைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். மருமகளிடம் சொன்னேன். "அப்ப இனிமே மாம்பழம் வேண்டாமுங்களா மாமா?" என்றாள்.

ஜூலை 19, சனி.

மறுபடியும் டெலவியாகா. நானாகவே கேட்டுப் போனேன்.

27-ஆம் இலக்கை 'உலகத்தின் உச்சி' என்று சொல்கிறார்கள். மலை முனையில் நின்றால் மான்டரே விரிகுடா தெரிகிறது. கூடை ஐந்நூறு அடிக்கு அப்பால், கீழே, சரிவில். மகன் எறிந்ததும் தட்டு கடல் பக்கம் போய், நேரமெடுத்துக்கொண்டு, மரங்களுக்குள் அமிழ்ந்தது. யாரும் பேசவில்லை.

என் முறை வந்தது. தட்டு வலப்பக்கம் வெகுதூரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. வாயில் தானாக வந்த சொல்: "பவுல்."

"பவுல்னு எதுவும் கிடையாதுப்பா" என்றான் மகன். "எங்க விழுந்துச்சோ அங்க போய் நின்னு அடுத்தத எறியணும்."

இறங்கிப் போகும் வழியெல்லாம் ஒரு பிள்ளைதான் நினைவில் வந்தாள். குறுவட்டப் போட்டி. ஒன்பதாம் வகுப்பு, ஒரு கிலோ வட்டு. அவள் எறிந்ததிலேயே நீண்ட எறி அதுதான். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி விழுந்தது. சிவப்புக் கொடி. டேப்பையே வைக்கவில்லை. புல்லில் வட்டு கொத்திய தடம் மட்டும் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான், "வா வா, அடுத்த ஆளு" என்று விரட்டினேன். விதி அப்படி, விரட்டியதில் தப்பில்லை. ஆனால் வட்டெறிதலில் கெட்ட எறிக்குத் தூரமே கிடையாது. அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. இந்த மலையில் என் கெட்ட எறிக்கு ஒரு இடம் இருக்கிறது. மூட்டு வலியோடு அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஒரு பாறைக்குப் பக்கத்தில் கிடந்தது. அங்கிருந்து கூடைக்கு ஏழு எறி.

அக்டோபர் 4, சனி. புதுச்சத்திரம்.

ஊர் திரும்பியாயிற்று. மூன்றாம் புரட்டாசிச் சனி. நைனாமலைக்கு விடிகாலையிலேயே கூட்டம் போக ஆரம்பித்துவிட்டது. நானும் போனேன். பாதிப் படிக்கு மேல் முட்டி ஒத்துழைக்கவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டேன். கீழே கோழிப்பண்ணைக் கூரைகள் வரிவரியாக மின்னின. மேலே பட்டர், என் மஞ்சப்பையில் இன்னொரு பட்டர். பேரன் விமான நிலையத்தில் திணித்தது. சரிவைப் பார்த்ததும் கை ஊறியது. கோயில் மலை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு.

நாமக்கல் லாரிப் பட்டறை ஒன்றில் பழைய பின்கதவுச் சங்கிலி எடைக்குக் கிடைத்தது. ஒரு சைக்கிள் ரிம்மில் அதைத் துண்டு துண்டாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழே பண்ணைக் கம்பிவலையை வளைத்துக் கூடையாக்கினேன். ஊர்ப் பொட்டலில் நட்டாயிற்று. முதல் தட்டு உள்ளே விழுந்தபோது டெலவியாகாவில் கேட்ட சத்தம் வரவில்லை. கதவு சரியாகப் பூட்டாத லாரி வேகத்தடையில் ஏறி இறங்குகிற சத்தம்தான் வந்தது. எனக்கு அது போதும்.

லீவு கடைசி நாள் என்று பத்துப் பன்னிரண்டு பையன்கள் கூடிவிட்டார்கள். ஏழாம் வகுப்புக்காரன் ஒருவன் ஓடிவந்து ஒரே வீச்சு. தட்டு பொட்டலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, மரவள்ளிக் காட்டுக்குள் போய் விழுந்தது. எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். அவன் முகம் சுருங்கி என்னைப் பார்த்தான்.

"சார், பவுலுங்களா?"

"இல்லடா. போ. எங்க கெடக்குதோ அங்கயே நின்னு எறி."

நம்பாமல் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். செடிகள் அவன் தலைக்கு மேலே. கொஞ்ச நேரம் இலை அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு கையும், கையில் தட்டும் மேலே வந்தன. கூடை எந்தப் பக்கம் என்று உள்ளிருந்து கத்திக் கேட்டான். பையன்கள் ஆளுக்கொரு திசை சொன்னார்கள்.

வரப்பிலிருந்து காட்டுக்காரர் குரல் வந்தது. "ஏனுங் வாத்தியாரே, செடி ஒடியுதுங்!"

"ஒரே ஒரு எறிதானுங்" என்றேன்.

அது ஒன்றில் முடியவில்லை.