அளந்து பார்த்தாயா?

காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி என்று யார் வந்தாலும் ஒரே மாத்திரையைக் கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவோமா? மாட்டோம். ஆனால் அப்படிப்பட்ட ஒரு வைத்தியனாக நானே சில காலம் நம் விடுதியில் உலவி வந்தேன். என் நோயாளிகள் மனிதர்கள் அல்லர், மடிக்கணினிகள்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் நான் கல்லூரியில் சேர்ந்தபோது, அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் பெற்று எனக்கு ஒரு மடிக்கணினி வாங்கித் தந்தார். விலை 38,000 ரூபாய். பெட்டியைப் பிரித்ததும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு விளக்கின் முன் வைத்தார். அந்தக் குங்குமம் உதிர்வதற்குள் குறை தெரிந்துவிட்டது. ஒரு பாட வீடியோ, பத்து இணையப் பக்கங்கள், ஒரு பைத்தான் நிரல் ஆகியவற்றைச் சேர்த்துத் திறந்தால் போதும்; திரையில் அம்புக்குறி அசையாமல் நின்றுவிடும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். நினைவகம், அதாவது ராம், 8 ஜி.பி. அதில் ஒரு பகுதியைக் கிராஃபிக்ஸ் வேலைக்கென்று கணினி ஒதுக்கிக்கொண்டது போக மிஞ்சியது 7.7 ஜி.பி. அதிலும் 7.2 நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

நினைவகம் என்பது படிக்கும் மேசையைப் போன்றது, எஸ்.எஸ்.டி. என்பது புத்தக அலமாரி. மேசை நிரம்பிவிட்டால் ஒரு புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுத்துவர வேண்டும். நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவே ஆகும். எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்க ஏறக்குறைய ஆயிரம் மடங்கு நேரம் பிடிக்கும். என் கணினி ஓயாமல் மேசைக்கும் அலமாரிக்கும் நடந்துகொண்டிருந்தது.

எனவே நினைவகத்தைக் கூட்ட முடிவு செய்தேன். கையேட்டைப் பார்த்தேன். சில மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். கூட்ட வழியே இல்லை. என்னுடையதில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது டி.டி.ஆர்.4 வகை, 260 முனைகள் கொண்டது. 262 முனைகள் கொண்ட டி.டி.ஆர்.5 அதில் பொருந்தாது. 1,800 ரூபாய்க்கு இன்னொரு 8 ஜி.பி. வாங்கிப் பொருத்தினேன். தேக்கம் மறைந்தது. ஒரு துண்டு இருந்தபோது நொடிக்கு 25.6 ஜி.பி. செய்தி செல்லக்கூடிய பாதை, இரண்டு துண்டுகளானதும் 51.2 ஜி.பி.க்கு இடம் கொடுத்தது. என் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.

அன்று தொடங்கியது என் வைத்தியத் தொழில். யார் கணினி தளர்ந்தாலும் என் மருந்துச் சீட்டில் ஒரே வரிதான்: "இன்னொரு 8 ஜி.பி. போடு."

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், செமஸ்டர் தேர்வு நெருங்கிய நேரம். பக்கத்து அறை நண்பன் தன் புதிய மடிக்கணினியோடு வந்தான்.

"டேய், இதைக் கொஞ்சம் பாருடா. முதலில் நன்றாகத்தான் ஓடுகிறது. அரை மணி நேரம் ஆனால் ஆமை மாதிரி நகர்கிறது."

"எத்தனை ஜி.பி.?"

"எட்டு."

அவ்வளவுதான் நான் கேட்டேன். சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் அப்பா கூலி வேலை செய்து அனுப்பும் பணத்தில் மெஸ் பில்லுக்கென்று வைத்திருந்த 1,800 ரூபாயை எடுத்து நினைவகம் வாங்கினான். நானே பொருத்தினேன். அன்றிரவும் அரை மணி நேரத்தில் அது ஆமையாயிற்று.

அவன் என்னைக் கடிந்துகொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவாயில்லைடா, பின்னால் உதவும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் ஆய்வகத்தில் எங்கள் இயற்பியல் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அளந்து பார்த்தாயா?"

"இல்லை ஐயா."

"உன் கணினியை அளந்தாய், சரியாகச் செய்தாய். அவன் கணினியை ஏன் அளக்கவில்லை?"

என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை நண்பனின் அறைக்குச் சென்றேன். நீண்ட கணக்கு ஒன்றைச் செய்யும் நிரலைப் பத்து முறை தொடர்ந்து ஓட்டினேன். வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றையும் திறந்து வைத்து, ஒவ்வொரு முறையும் நோட்டில் குறித்தேன். முதல் முறை 40 நொடி. நான்காம் முறை 52. ஏழாம் முறை 71. பிராசசரின் வெப்பம் 97 டிகிரி செல்சியஸைத் தொட்டு அங்கேயே நின்றது. அதன் வேகமோ 3.8 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.9க்கு இறங்கியிருந்தது. நினைவகத்தில் நிரம்பியிருந்தது 5 ஜி.பி. மட்டுமே. பழைய எட்டே அவனுக்குப் போதுமாயிருந்தது!

இன்றைய பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி அளவில் எல்லை வகுத்திருக்கிறார்கள். அதை நெருங்கினால் கருகிப் போகாமலிருக்க அவை தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். நோய் அதுவன்று, நோய் எங்கே என்று பார்த்தால், அவன் கணினியைக் கட்டிலில், மடித்த போர்வையின்மேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். காற்றை உள்ளிழுக்கும் துளைகள் அடிப்புறத்தில் இருந்தன. போர்வை அவற்றை மூடிவிட்டது. அறையின் வெப்பமோ 36 டிகிரி. சூடான பொருள் எவ்வளவு விரைவில் குளிரும் என்பது அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது என்று நியூட்டன் 1701ஆம் ஆண்டிலேயே எழுதினார். அந்தப் பரிசோதனையை நாங்கள் அதே ஆண்டில்தான் செய்து மதிப்பெண் வாங்கியிருந்தோம். நோட்டில் இருந்த நியூட்டன் என் தலைக்குள் ஏறவில்லை.

கணினியை மேசைக்கு மாற்றினோம். பின்பக்கம் சற்று உயரும்படி இரண்டு அழிரப்பர்களை அடியில் வைத்தோம். மீண்டும் பத்து முறை ஓட்டினேன். பத்தாம் முறையும் 46 நொடிதான். வெப்பம் 84 டிகிரி. செலவு, இரண்டு ரப்பர்கள்.

நண்பர்களே, தளர்ச்சி என்பது ஒன்றுபோல் தோன்றும், காரணம் ஒன்றல்ல. பல வேலைகளைத் திறந்த உடனேயே கணினி திணறினால் நினைவகத்தைப் பாருங்கள். ஒரே வேலையைச் செய்யும்போதும் போகப் போகத் தளர்ந்தால் வெப்பத்தைப் பாருங்கள். நண்பன் முதல் நாளே "அரை மணி நேரம் ஆனால்" என்று தன் வாயாலேயே நோயைச் சொல்லியிருந்தான். என் காதில் விழுந்தது "எட்டு" மட்டுமே. எனக்கு வந்த நோய்தான் ஊருக்கெல்லாம் வரும் என்று எண்ணியது என் குற்றம்.

1,800 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் வாங்க மறுத்தான். மூன்று மாதங்களில் சிறிது சிறிதாக அவன் பெயரில் மெஸ் பில்லில் கட்டிவிட்டேன். தெரிந்ததும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு இருவரும் ஒன்றாகவே சாப்பிடப் போனோம்.

இன்னும் என் அறைக்கு மடிக்கணினிகள் வருகின்றன. சீட்டு எழுதும் அவசரம் இப்போது இல்லை. நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு, வந்தவர் சொல்வதை முழுவதும் கேட்கிறேன்.