ஒரே மருந்தின் இரு கைகள்

எனது அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், நடை தளரும். லெவோடோபா மாத்திரையே அவரை நடமாட வைத்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போன சில நாட்களில் மாத்திரை தீர்ந்துவிட்டது. அம்மாவின் உடல் மரம்போல் இறுகியது. ஒரு சிறு மாத்திரையின் பெறுமதியை அன்று கண்டேன்.

பின்னாளில், இரசாயனம் படித்த மகள் எனக்கு விளங்கப்படுத்தினாள். எமது இரு கைகளைப் போல, இம்மருந்தின் மூலக்கூறுக்கும் இடவடிவம், வலவடிவம் உண்டு. ஒன்று மற்றையதன் கண்ணாடி விம்பம். இடவடிவமே நோயைத் தணிக்கும். மற்றையது பயன்தராது, பக்கவிளைவையும் தரும். சாதாரணமாகச் செய்தால் இரண்டும் சரிபாதியாக வரும்.

வேண்டிய வடிவத்தையே பெருமளவில் தரும் ஊக்கியை அமெரிக்கரான வில்லியம் நோல்ஸ் உருவாக்கினார். 2001 இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் அந்த ஊக்கியில் இருந்தது பொன்னிலும் அரிதான றோடியம்.

இந்த வேலையை இரும்பு செய்யாதா? எமது தாச்சியிலும் மண்வெட்டியிலும் உள்ள இரும்புதான். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட் மொறிசின் குழுவினர் 2013 இல் அத்தகைய இரும்பு ஊக்கிகளை வெளியிட்டனர். அவை லெவோடோபாவை அல்ல, மருந்துகளுக்கு மூலப்பொருளாகும் அற்ககோல்களை, பெரும்பாலும் ஒரே கைவடிவில் தந்தன. இரும்பு மலிவானது, நச்சுத்தன்மையும் குறைந்தது.

சகோதரிகளே, இம்மாத்திரை எடுப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்தவேண்டாம். தீருமுன்பே அடுத்த மாத மருந்தை வாங்கி வையுங்கள். எளியவர் கைக்கும் தவறாமல் எட்டுவதே நல்ல மருந்து.