தோரின் சாகிற அத்தியாயத்தைத் தாண்டிப் போயிடாதீங்க

ஏழாம் வகுப்புக்கு 'ஹாபிட்' நடத்துற டீச்சர்களுக்கும், வீட்ல பிள்ளைங்களோட உக்காந்து அதைப் படிக்கிற அப்பா அம்மாக்களுக்கும் ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

டோல்கீன் எழுதி 1937ல வந்த நாவல். மொத்தம் 19 அத்தியாயம். படிக்காதவங்களுக்காகச் சுருக்கமா: பில்போ பேகின்ஸ், 50 வயசு. ஹாபிட்ங்கிற குட்டையான இனம். வேளாவேளைக்குச் சாப்பிட்டுட்டு நிம்மதியா வீட்ல இருக்குறவர். ஸ்மௌக்ங்கிற டிராகன் பறிச்சுக்கிட்ட மலையையும் தங்கத்தையும் மீட்க 13 குள்ளர்கள் கிளம்புறாங்க, இவரையும் இழுத்துட்டுப் போறாங்க. அவங்க தலைவர்தான் தோரின்.

முதல் பாதியை நடத்துறது கஷ்டமே இல்ல. அஞ்சாவது அத்தியாயத்துல இருட்டுக் குகைக்குள்ள பில்போவுக்கும் கொல்லமுக்கும் விடுகதைப் போட்டி. தோத்தா உசுரு போயிடும். அங்க புத்தகத்தை மூடிட்டு, "உங்க பாட்டி சொன்ன விடுகதை ஒண்ணு போடுங்க"ன்னு சொன்னா போதும், அந்த பீரியட் தானா ஓடிடும். (13 குள்ளர்கள் பேரையும் மனப்பாடம் பண்ண வைக்கிற டீச்சர்களைப் பத்தி நான் எதுவும் சொல்ல விரும்பல.)

சிக்கல் 18வது அத்தியாயத்துலதான்.

போர் முடிஞ்சிருக்கு. தலையில கல்லடி பட்டு மயங்கிக் கிடந்த பில்போ எழுந்திருக்கிறார். கூடாரத்துக்குள்ள தோரின் சாகக் கிடக்கிறார். கொஞ்ச நாள் முன்னாடிதான் ஒரு ரத்தினக்கல்லுக்காக பில்போவைக் கண்டபடி திட்டி விரட்டினவர். இப்போ அந்த வார்த்தைகளைத் திரும்ப வாங்கிக்கிறார், நட்போட பிரியணும்னு சொல்றார். இறந்துடறார். பில்போ தனியா போய், போர்வையைச் சுத்திக்கிட்டு, கண்ணு சிவந்து தொண்டை கட்டுற வரைக்கும் அழறார்.

தோரினோட தங்கச்சி பசங்க ஃபிலி, கிலி ரெண்டு பேரும் அவரைக் காப்பாத்தக் குறுக்க நின்னு செத்துப் போயிருப்பாங்க. அவங்க தாய்மாமன் அவர். அதை ஒரே வாக்கியத்துல சொல்லிட்டுக் கடந்துடறார் டோல்கீன். ஒரு தாய்மாமனுக்காக அக்கா தங்கச்சி பிள்ளைங்க ஏன் உசுரைக் கொடுப்பாங்கன்னு நம்ம பசங்களுக்கு விளக்கவே தேவையில்ல.

இந்த அத்தியாயத்தைத்தான் பல பேர் ரெண்டு வரிச் சுருக்கமா சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடறாங்க. என் தோழி ஒரு ஆங்கில டீச்சர். அவங்களும் அப்படித்தான் செய்யலாமான்னு என்கிட்ட கேட்டாங்க. காரணம் இருந்தது. வகுப்புல ஒரு பையனுக்கு நாலு மாசம் முன்னாடி அப்பா இறந்துட்டார். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

குழந்தைகள் மருத்துவரா நான் சொன்ன பதில்: தாண்டாதீங்க.

12 வயசுப் பிள்ளைக்கு சாவுன்னா என்னன்னு தெரியும். போனவங்க வரமாட்டாங்க, எல்லாருக்கும் ஒரு நாள் வரும், இதெல்லாம் அதுக்கு முன்னாடியே புரிஞ்சுடுது. நீங்க அந்தப் பக்கங்களைத் தாண்டினா அவனுக்குப் புரியறது ஒண்ணே ஒண்ணுதான்: இதைப் பத்தி இங்க பேசக்கூடாது போல.

அதோட, இதை எழுதினவர் யாருன்னு பாருங்க. டோல்கீனுக்கு 4 வயசுல அப்பா போயிட்டார். 12 வயசுல, 1904ல, அம்மாவும் போயிட்டாங்க. சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி முதன்முதலா ஒரு நோயாளிக்குப் போடப்பட்டது 1922ல. அப்போ அந்த அம்மாவுக்கு எந்த டாக்டராலயும் பெருசா எதுவும் செஞ்சிருக்க முடியாது. அப்புறம் 1916, சோம் போர்க்களம். பள்ளிக்கூடக் காலத்து நெருங்கிய நண்பர்கள் ரெண்டு பேர் அந்த ஒரே வருஷத்துல செத்தாங்க. இவர் பேன் மூலமா பரவுற ட்ரெஞ்ச் காய்ச்சல் வந்து ஊருக்கு அனுப்பப்பட்டார். சாவை வேடிக்கைக்காகக் கதையில சேர்த்த ஆள் இல்ல இவர்.

ஆனா தாண்டாம இருக்கணும்னா முன்தயாரிப்பு வேணும். முதல் நாளே பையன்கிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் பேசச் சொன்னேன். "நாளைக்கு இது வருது, லைப்ரரிக்குப் போகணும்னா போகலாம், இருந்தாலும் சரி, பாதியில எழுந்து போனாலும் கேக்கமாட்டேன்." சத்தமா வாசிக்கிறது டீச்சராவே இருக்கட்டும். அவன் முறைன்னு அவனை வாசிக்க வைக்காதீங்க. "தூங்கிட்டார்", "சாமிகிட்ட போயிட்டார்" வேண்டாம், "இறந்துட்டார்"னே சொல்லுங்க. முடிச்சதும் கேள்வி பதில், ஒர்க்‌ஷீட் கிடையாது.

அவன் வகுப்புலயே இருந்தான். படிச்சு முடிச்சதும் கையைத் தூக்கிக் கேட்டானாம்: "மிஸ், தோரினுக்கு சாரி சொல்ல டைம் கிடைச்சுதுல்ல?"

டீச்சர் கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆமாப்பா. நிறைய பேருக்குக் கிடைக்கிறதில்ல"ன்னாங்க. பின்பெஞ்சுல ஒரு பொண்ணு, "எங்க தாத்தாவுக்கும் கிடைக்கல மிஸ்"ன்னா. அன்னிக்கு வேற பாடம் நடக்கல.

அந்தக் கேள்வியைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. நான் பார்த்த மரணங்கள்ல தோரின் மாதிரி பேசி முடிச்சுட்டுப் போனவங்க ரொம்பக் கம்மி. பாதிப் பேர் நினைவே இல்லாம, வாயில ட்யூபோட போறாங்க. பல பிள்ளைங்களுக்கு அப்பாகிட்ட கடைசியா பேசினதே மொபைலுக்காகப் போட்ட சண்டையா இருக்கும். அதனாலதான் அப்பாவுக்கு ஆச்சுன்னு நம்பிட்டு, யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருக்கும். இப்படி ஒரு கேள்வி வந்தா, தனியா கூப்பிட்டு நேராவே சொல்லுங்க: சண்டை போட்டதால யாரும் சாகிறதில்ல. அதுக்கப்புறமும் வாரக்கணக்கா சரியா தூங்கல, சாப்பிடல, ஸ்கூலுக்கு வரமாட்டேங்குதுன்னா கவுன்சிலர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ அனுப்பிடுங்க.

இன்னொண்ணு. கடைசி அத்தியாயத்தை அன்னிக்கே தொடாதீங்க. அதுல பில்போ வீட்டுக்கு வந்து சேர்றப்போ, ஆள் செத்துட்டார்னு முடிவு பண்ணி அவர் சாமானை ஏலம் விட்டுக்கிட்டு இருப்பாங்க. தன்னோட நாற்காலி மேசையையே சிலதைக் காசு கொடுத்து வாங்குவார். வெள்ளி ஸ்பூன் நிறைய காணாமப் போயிருக்கும். வகுப்பே சிரிக்கும், சிரிக்கட்டும். ஆனா செத்துட்டார்னு நெனச்ச ஒருத்தர் வாசல்ல வந்து நிக்கிற காட்சி அது. அதை வாசிக்கிறதுக்கு முன்னாடியும் அந்தப் பையன்கிட்ட ஒரு நிமிஷம் பேசிடுங்க.